கடைசி லயத்து ஏழு வீடுகள்

ஒரு பட்டியலிலிருந்து ஏழு வீடுகளை நான் அழித்தேன். அழித்தது தெரியாமல் நடந்தது. தெரியவந்த பிறகு, அந்தப் பழி இன்னொருவர்மேல் விழும்படி பேசினேன். அது தெரிந்தே செய்தது. எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. இதை நிதானமாகத்தான் எழுதுகிறேன். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

மலேசியாவில் ஈப்போ நகரத்தில் ஒரு நில அளவை அலுவலகத்தில் நிர்வாகியாக வேலை செய்தேன். கீழே டயர் கடை, மேலே நாங்கள். முதலாளி நில அளவையாளர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வரைபடம் வரைய இரண்டு பேர். எழுத்தராக ஒரு பெண், அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஐந்து மேசை, ஐந்து கணினி. அவை தவிர, மூலையில் யாரும் உட்காராத ஆறாவது கணினி ஒன்று. அலுவலகத்தின் கோப்புகள் எல்லாம் அதில் இருந்தன. அதில் ஒரு கோப்புறையை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைத்திருந்தோம். ஒருவர் எழுதியதை மற்றவர் தம் மேசையிலிருந்தே பார்க்கலாம், திருத்தலாம். ஆறு கணினிகளின் கம்பிகளும் சுவர்ப் பலகையில் இருந்த ஒரு தட்டைப் பெட்டிக்குப் போகும். அதை ஸ்விட்ச் என்பார்கள். பதினாறு துளைகள், துளைக்கொரு பச்சை விளக்கு.

கணினியில் கோளாறு என்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் பட்டதாரி. என் அப்பா தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். புத்தகத்தைப் படித்து எதையும் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணம் அந்த வீட்டில் வந்தது. எழுத்தர் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் இன்னொரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். அவர் ஐந்தாம் படிவம், அதாவது பள்ளிக்கூடத்தோடு நின்றவர். கணினியைத் தானாகவே பழகிக்கொண்டார். என்னைவிட வேகமாகத் தட்டுவார். என்னை அண்ணே என்று கூப்பிடுவார்.

அவர் பிறந்த தோட்டம்தான் எங்களுக்கு வேலையாக வந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை என்ற எண்ணெய்ப்பனை வைத்து, அதையும் அழித்து வீடு கட்ட விற்றுவிட்டார்கள். லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மிச்சமிருந்த குடும்பங்களுக்கு அங்கேயே ஆளுக்கொரு தரைவீடு தருவதாக ஒப்பந்தம். நிலத்தை அளந்து, எந்த லயத்தில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் கொடுப்பது எங்கள் பொறுப்பு. அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் தானே போய் வீடு வீடாக நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தார். கோயிலுக்குப் பின்னால் இருந்த கடைசி லயம்தான் இறுதியாக முடிந்தது. ஏழு வீடுகள்.

அந்தப் பட்டியல் பொதுக் கோப்புறையில் இருந்தது. ஒரு வியாழக்கிழமை மாலை, பெயர்களைச் சரிபார்க்கலாம் என்று அதை என் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்போது கடைசி லயம் அதில் இல்லை. மறுநாள் வெள்ளி காலை அவர் அந்த ஏழு வீடுகளையும் சேர்த்தார். என்னிடம் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். நான் தலையாட்டியிருப்பேன்.

அன்று பிற்பகல் பூசை. நவராத்திரியில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்தில் வேலையை நிறுத்திவிட்டுக் கருவிகளுக்குப் பூசை போடுவோம். அளவைக் கருவிகள், முக்காலிகள், கணினிகள் எல்லாவற்றையும் நிறுத்தி, கம்பிகளைக் கழற்றித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்போம். மூத்தவன் என்பதால் பொட்டு வைப்பது என் வேலை. துடைப்பது அந்தப் பெண். ஸ்விட்ச் பெட்டியைக்கூட விடவில்லை. சூடம் காட்டி, பொரி கடலை தின்று, கம்பிகளை மறுபடி மாட்டினோம். பெட்டிக்குப் பக்கத்தில் நீலக் கம்பி ஒன்றின் முனை தொங்கிக்கொண்டிருந்தது. பூசை போட்ட இடம் ஒழுங்காக இருக்கட்டும் என்று அதைக் காலியாக இருந்த ஒரு துளையில் செருகினேன். அதன் மறுமுனை எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பொதுக் கோப்புறை திறக்கவில்லை. கணினியை அடைய முடியவில்லை என்று திரையில் வந்தது. அச்சு இயந்திரமும் பேசவில்லை, இணையமும் இல்லை. எல்லாக் கணினிகளையும் அணைத்துப் போட்டேன். பெட்டியின் மின்சாரக் கம்பியை எடுத்து மாட்டினால் அரை நிமிடம் கோப்புறை தெரியும், பிறகு போய்விடும். கடவுச்சொல்லை மாற்றினேன். பாதுகாப்பு மென்பொருளை நிறுத்திப் பார்த்தேன். பகிர்வை நீக்கிவிட்டு மறுபடி பகிர்ந்தேன். ஒவ்வொரு கணினியின் எண்ணையும் தாளில் எழுதிச் சரிபார்த்தேன். பெட்டியின் பச்சை விளக்குகளையும் பார்த்தேன். வழக்கமாக ஒவ்வொன்றும் தன் போக்கில் சிமிட்டும். அன்றைக்கு எல்லாம் ஒன்றாக, நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தன. பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தான் எழுதியது சரியாக இருக்கிறதா என்று மூலைக் கணினியில் நேராகப் பார்க்கட்டுமா என அந்தப் பெண் கேட்டார்.

"நீங்க கை வைக்க வேணாம்மா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்ல."

அவர் கை வைக்கவில்லை.

எங்களுக்கு வழக்கமாக வரும் கணினிக்காரர் சீனர். அவருக்கும் அதே ஒன்பது நாள்தான் திருவிழா. வெள்ளை உடுத்தி, சைவம் சாப்பிட்டு, அவர்கள் கோயிலிலேயே இருப்பார். வியாழக்கிழமை வருகிறேன் என்று செய்தி அனுப்பினார். அதுவரை நான் பென்டிரைவை என் கணினியில் செருகி, அதிலிருந்த பட்டியலையே திருத்திக்கொண்டிருந்தேன். நான்கு நாள் வேலை. எழுத்துப்பிழை ஒன்று விடாமல் பார்த்தேன்.

அவர் வந்து பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். நீலக் கம்பியின் இரண்டு முனையும் அதே பெட்டியில் மாட்டியிருந்தன. போன செய்தியே திரும்பி வந்து, மறுபடி போய், வேறு எதற்கும் வழி விடாமல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு முனையைப் பிடுங்கினார். விளக்குகள் பழையபடி சிமிட்டின. அந்த முனையில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்ததை எனக்குக் காட்டி, உங்கள் சாமியும் என் சாமியும் ஒரே வாரம் லீவு எடுத்தால் இப்படித்தான் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். முதலாளி வந்து யார் மாட்டியது என்று கேட்டார்.

"பெட்டிய தொடச்சது எழுத்தர் பொண்ணுதான்," என்றேன்.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் அப்போது தபால் நிலையத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் வரைபடம் வரைபவர்கள் இருவரில் ஒருவன் கேலி செய்தான்: "அக்கா, நாலு நாளு லீவு குடுத்திங்க, தேங்க்ஸ் லா." அவர் புரியாமல் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று மூன்று மணிக்குமேல் திருத்தத்தை முடித்துச் சேமித்து, என் பட்டியலைப் பொதுக் கோப்புறையில் போட்டேன். இதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, அதன் இடத்தில் இதை வைக்கட்டுமா என்று கணினி கேட்டது. இரண்டு கோப்புகளின் தேதியையும் காட்டியது. நான் நான்கு நாள் திருத்தியதால் என்னுடையதுதான் புதியது என்று இருந்தது. சரி என்று அழுத்தினேன். கடைசி லயம் அந்த நொடியில் போய்விட்டது. மறுநாள் பட்டியலை அச்சடித்து, முதலாளி கையெழுத்திட்டு, அனுப்பிவிட்டோம்.

வீட்டு எண்களுக்குக் குலுக்கல் முடிந்து, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பட்டியலை ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. கடைசி லயத்திலிருந்து நான்கு பேர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள். முதலாளி அவர்களை உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்து கோப்பைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ஏழு வீடுகள் இல்லை. கோப்பின் விவரங்களைத் திறந்தேன். கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில் என் பெயர். கணினிக்காரர் வந்த அந்த வியாழக்கிழமை, மூன்று மணி சொச்சம். எல்லாம் ஒரு நிமிடத்தில் புரிந்தது. திரையிலிருந்த அந்த விவரக் கட்டத்தை மூடினேன்.

எழுத்தர் பெண் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஏழு வீடும் அவர் கையெழுத்தில் இருந்தன. வெள்ளி காலை, பூசைக்கு முன்னால், கணினியில் ஏற்றினேன் என்றார்.

முதலாளி என்னைப் பார்த்து, "அண்ணே, உங்ககிட்ட வந்த ஃபைல்ல இருந்துச்சா?" என்றார்.

"என்கிட்ட வந்த ஃபைல்ல இல்ல," என்றேன்.

சொல்லுக்குச் சொல் அது உண்மை. பூசைக்கு முந்தின வியாழக்கிழமையே நான் எடுத்துப்போன கோப்பில் அது இல்லைதான். நான் படித்தவன், அந்த வாக்கியத்தை யோசித்துத்தான் சொன்னேன். அந்தப் பெண் தன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நோட்டுல இருந்து என்னம்மா, கம்ப்யூட்டர்ல இல்லையே," என்றார் முதலாளி. வந்த நால்வரும் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேல்முறையீட்டுக் கடிதத்தை நான்தான் எழுதினேன். எழுத்தரின் கவனக்குறைவால் என்று அதில் ஒரு சொற்றொடர் உண்டு. மிச்சம் மனை இல்லை என்று பதில் வந்தது. ஏழு குடும்பங்களுக்கும் வேறு வேறு இடங்களில் வாடகை அடுக்குமாடி காட்டினார்கள்.

தோட்டத்தில் அதற்குக் காரணம் தேடிக்கொண்டார்கள், சிரமம் இல்லாமல் கிடைத்தது. பல ஆண்டுகளுக்கு முன்னால் அந்தப் பெண்ணின் அண்ணனுக்குக் கடைசி லயத்தில் ஒரு வீட்டில் பெண் கேட்டிருக்கிறார்கள், கொடுக்கவில்லை. பொண்ணு குடுக்காததுக்கு லயத்தையே வெட்டிட்டா என்று பேச்சு. வரைபடம் வரைபவன் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் இதைச் சொன்னான். நான் மீன் முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். யாரும் அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. கோப்புகளில் கை வைக்க வேண்டாம், தொலைபேசியை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். இரண்டு மாதத்தில் அவரே விலகிவிட்டார். போகும்போது என்னிடம், "வாரேண்ணே," என்றார். நல்லது என்றேன்.

பிறகு ஒன்பது ஆண்டுகள். ஓய்வு பெற்றேன். அந்தப் பென்டிரைவ் பழைய சாவிகள் கிடக்கும் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும்.

போன ஆண்டு ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரு கடையில் காலையில் தோசைக்கு உட்கார்ந்திருந்தேன். இடமில்லாததால் ஒருவர் என் மேசையில் வந்து உட்கார்ந்தார். அவர்தான் என்னை அடையாளம் கண்டார். அன்று மாடிப்படி ஏறி வந்த நால்வரில் ஒருவர். பக்கத்து அடுக்குமாடியில் நான்காவது மாடி என்றார். மின்தூக்கி வாரத்தில் மூன்று நாள் ஓடாது, முழங்கால் போய்விட்டது, ஒரு தடவை இறங்கினால் சாயங்காலம்வரை கீழேயே இருந்துவிட்டு ஒரேயடியாக ஏறுவாராம். மகள் வேலைக்குப் போகிறாள் என்றார். பிறகு அவராகவே சொன்னார்.

"எல்லாம் அந்தப் பொம்பள பண்ணது சார். எங்க வீட்டு வாசல்ல நின்னு பேரெல்லாம் கேட்டு எழுதிட்டுப் போனா. காப்பி குடுத்தோம். குடிச்சிட்டுப் போயி வெட்டிட்டா. நீங்கதான் பாவம், லெட்டர்லாம் எழுதி அலஞ்சிங்க."

என் தோசைக்கும் தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தேன். பென்டிரைவ் இன்னும் வேலை செய்தது; நான் திருத்திய பட்டியல் என் பெயரோடும் அந்த வியாழக்கிழமைத் தேதியோடும் அதில் இருந்தது. மறுவாரம், பழைய முதலாளியைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "விடுங்கண்ணே, முடிஞ்ச கத லா, இப்ப எதுக்கு," என்றார். அந்தப் பெண் எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பீடோர் என்ற ஊருக்கு வெளியே கொய்யாத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் இருந்தார். தகரக் கூரை, வெளியே பழக்கூடைகள். கணினியில் எதையோ முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "வாங்க சார்," என்றார். அண்ணே போய்விட்டது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நீலக் கம்பி, பென்டிரைவ், சரி என்று அழுத்தியது, என் பெயரைப் பார்த்தது, முதலாளிக்குச் சொன்ன பதில். முடித்ததும் அவர் ஒன்று கேட்டார்.

"அப்போ நான் சேவ் பண்ணேன்?"

"பண்ணீங்க."

மேசையிலிருந்த ரசீதுகளை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

"பூசைக்கு மெஷின அடைங்கன்னு சொன்னாங்க. அவசரத்துல சேவ் பண்ணாம அடச்சிட்டேனோன்னு நெனச்சிட்டு இருந்தேன் சார். ஒம்போது வருஷமா. இங்க எத எழுதுனாலும் ரெண்டு தடவ சேவ் பண்ணுவேன். மூடிட்டு மறுபடி தொறந்து பாப்பேன். பைத்தியம்னு சிரிப்பாங்க."

அவருக்குத் தெரிந்திருக்கும், என்னை வெறுத்துக்கொண்டிருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்படி ஒன்றை நான் நினைக்கவே இல்லை. மன்னியுங்கள் என்றேன்.

"அத வச்சிக்கிட்டு நான் என்ன சார் பண்றது? எங்கம்மா செத்தப்ப தோட்டத்துச் சுடுகாட்டுக்குத்தான் கொண்டு போனோம். கடசி லயத்து ஆளுங்க ஒருத்தரும் வரல. சின்னப் புள்ளேலேந்து அவங்க வீட்டுல சாப்புட்டவ நான். அவங்ககிட்ட போயி சொல்லுங்க."

போனேன். நடந்ததை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு ஏழு படி எடுத்தேன். கோப்பின் விவரம் தெரியும் திரையையும் அச்சடித்து, என் பெயர் இருந்த இடத்தில் கோடு போட்டு ஒவ்வொன்றோடும் சேர்த்தேன். ஏழு வீடும் எங்கே இருக்கின்றன என்று விசாரிக்க ஒரு மாதம் ஆனது. ஒரு குடும்பம் ஜொகூர் போய்விட்டது, அஞ்சலில் அனுப்பினேன், பதில் இல்லை. ஒரு வீட்டில் பெரியவர்கள் இருவரும் இறந்திருந்தார்கள். மகன் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு, சரி என்றான்.

லகாட் பகுதியில் ஒரு அம்மாள் முழுவதும் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவ சொல்லி அனுப்புனாளா? இத்தன வருஷம் கழிச்சி ஒரு படிச்ச ஆளப் புடிச்சி அனுப்பியிருக்கா பாத்தியா," என்று உள்ளே யாரிடமோ சொன்னார். அச்சடித்த திரையைக் காட்டினேன். அதெல்லாம் எங்களுக்கு என்ன தெரியும் என்று திருப்பிக் கொடுத்தார். அதே வரிசையில் இன்னொரு வீடு. அங்கே வீட்டுக்காரர், மன்னிப்பு சரி, வீடு எங்கே என்றார். அதற்கு நான் கொண்டுபோனது எதுவும் இல்லை. பெண் கொடுக்க மறுத்த வீட்டில் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "அப்போ நாங்க பேசுனதெல்லாம்?" என்றார் அந்த மனைவி. பிறகு கதவைச் சாத்தினார், சத்தமில்லாமல். ஆறாவது வீட்டில் காகிதத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சிலிபின்காரரைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். மின்தூக்கி அன்று ஓடவில்லை. நான்கு மாடியும் ஏறினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டு, உதட்டை அசைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்ததும் கேட்டார்:

"அன்னிக்குக் கடையில என் கூடதான உக்காந்திருந்திங்க. அப்ப ஏன் சார் சொல்லல?"

"பயம்," என்றேன்.

"யாரப் பாத்து? என்னப் பாத்தா?" என்று தன் முழங்காலைப் பார்த்தார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தண்ணீர்கூட வேண்டுமா என்று கேட்கவில்லை. இறங்கிவிட்டேன்.

ஏழும் முடிந்தது என்று பீடோருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பதில் வரவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒரு மாலை அவரே கூப்பிட்டார்.

"பத்திரிக வந்திருக்கு சார். சிலிபின் வீட்டுலேந்து. மகளுக்குக் கல்யாணம். போஸ்ட்ல போடல, அவரே பஸ் புடிச்சி வந்து குடுத்துட்டுப் போனாரு."

அந்த முழங்காலோடு நான்கு மாடி இறங்கி, பீடோர்வரை பஸ்ஸில் வந்து, திரும்பிப்போய் நான்கு மாடி ஏறியிருக்கிறார். அதை நான் சொல்லவில்லை. மற்ற வீடுகள் என்று ஆரம்பித்தேன்.

"இல்ல. இது ஒண்ணுதான்."

"போவீங்களா?"

"தெரியல. எல்லாரும் வருவாங்க. ஒரு வீடு கூப்பிட்டுச்சின்னு போயி, ஆறு வீட்டு மூஞ்சியப் பாக்கணும்." பின்னால் பழக்கூடைகளை இறக்கும் சத்தம் கேட்டது. "சொல்லணும்னு தோணுச்சி, சொல்லிட்டேன். இனிமே நீங்க கூப்பிட வேணாம் சார். மெசேஜும் வேணாம்."

சரி என்றேன். அவர் வைத்துவிட்டார்.

எனக்கு அழைப்பு வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. கல்யாணம் போன மாதம் முடிந்துவிட்டது. அவர் போனாரா, போயிருந்தால் யாராவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நான் கேட்கவில்லை.